கல்யாணப் பத்திரிகையில் மட்டும் பி.ஏ.

அரசாங்கம் என் கல்யாணப் பத்திரிகையைப் படித்திருக்கும் என்று நான் நம்பினேன். படித்ததோடு விடாமல், அதை ஒரு பைலில் கோர்த்து வைத்துக்கொண்டு, என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கட்டும் என்று இருபது வருடமாகக் காத்திருக்கிறது என்றும் நம்பினேன். அந்த ஜூன் மாதத்தில் சில நாள் இதை நம்பித்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு இறங்கவில்லை என்பதால் பரோட்டாவாகச் சாப்பிட்டேன் என்பது வேறு விஷயம்.

மகள் நல்ல மதிப்பெண் எடுத்துப் பொறியியல் கலந்தாய்வுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கல்லூரிப் படிப்பை முடித்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து முதலில் போகிற பிள்ளைக்கு முதல் பட்டதாரி என்று ஒரு சான்றிதழ் உண்டு. அதைக் காட்டினால் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்ளும். காட்ட முடியாவிட்டால் பாங்கில் கல்விக் கடனுக்கு மனுப் போட வேண்டும். திருத்தங்கலில் அச்சகத்தில் வேலை பார்க்கிற நானும், பட்டாசு கம்பெனியில் பாக்கெட் போடுகிற என் மனைவியும் அந்தச் சான்றிதழைத்தான் நம்பியிருந்தோம்.

அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதிய வேண்டும். குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். மகள் பேனாவை நீட்டினாள்.

"அப்பா, நீங்க டிகிரி முடிச்சிருக்கீங்களா, இல்லையா?"

"அது வந்து பாப்பா..."

"ஆமாவா, இல்லையா?"

"முடிக்கல. ஆனா ஆரம்பிச்சேன்."

உண்மை அதுதான். தபால் வழியில் பி.ஏ. சேர்ந்து, முதல் வருடத்தில் தமிழ்ப் பாடத்தில் மட்டும் தேறி, மற்றதையெல்லாம் தபால்காரரிடமே விட்டுவிட்டேன். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சங்கடம் வேறு இடத்தில் இருந்தது.

என் கல்யாணப் பத்திரிகையை நானேதான் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்த்தேன். எங்கள் பக்கத்தில் பத்திரிகை என்றால் பெயருக்குப் பக்கத்தில் படிப்பைப் போட்டே ஆக வேண்டும். டிப்ளமோவில் பாதி படித்தவனுக்கும் முழு டிப்ளமோ போடுவோம். மணமகள் பெயர் நீளம். என் பெயர் மூன்றே எழுத்து. இரண்டையும் எதிரெதிரே வைத்தால் என் பக்கம் மொட்டையாக நின்றது. எழுத்தைப் பெரிசாக்கினேன், இடைவெளி விட்டேன், பூ வைத்தேன். ஒன்றும் ஒத்து வரவில்லை. கடைசியில் பி.ஏ. என்று தட்டினேன். வரி கச்சிதமாக உட்கார்ந்தது. மற்றவர்கள் மூன்று வருடம் படித்து வாங்குகிற பட்டத்தை நான் ஒரு வரியை நேராக்குவதற்காக அரை நிமிடத்தில் வாங்கினேன்.

ஐநூறு பத்திரிகை அடித்தோம். விருதுநகர் முதல் காரியாபட்டி வரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இந்தக் கதையெல்லாம் தெரிந்த ஒரே ஆள், எங்கள் அச்சகத்து மிஷின்மேன். என் வயதுதான். விண்ணப்பம் பதிந்த மறுநாள் டீ குடிக்கும்போது வாயை விட்டுவிட்டேன்.

"ஏலே, கையெழுத்தா போட்ட?" என்றான். "வி.ஏ.ஓ. வீடு தேடி வருவாகலே. அக்கம்பக்கம் விசாரிப்பாக. ஒன் பத்திரிகை ஒண்ணு அவுக கையில சிக்குச்சு, சோலி முடிஞ்சது. பிள்ளைக்குச் சலுகையும் போயிரும், பொய்க் கையெழுத்துன்னு ஒனக்குக் கேசும் வந்துரும்."

"நான் நெசமாவே பாஸ் பண்ணலயேடா."

"அதை யாரு நம்புவா? அச்சுல இருக்குல்ல."

நாங்கள் இரண்டு பேரும் அச்சிலேயே பிழைப்பவர்கள். அச்சில் எம்புட்டுத் தப்பு வரும் என்று எங்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. இருந்தும் "அச்சுல இருக்குல்ல" என்று அவன் சொன்னதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஆமத்தூருக்குப் போனேன். அங்கே இருக்கிற என் சித்தி எந்தக் காகிதத்தையும் வீசுகிற ஆள் இல்லை. காப்பி கொடுத்த கையோடு, "என்னய்யா திடீர்னு?" என்று கேட்டாள்.

"என் கல்யாணப் பத்திரிகை இருந்தா குடு சித்தி."

சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்கு? மறுபடியும் கட்டப் போறியா? அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"

ஞாபகத்துக்கு என்று சமாளித்தேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து கட்டுக் கட்டாக எடுத்துப் போட்டாள். ஊரில் எல்லார் பத்திரிகையும் இருந்தது. என்னுடையது மட்டும் இல்லை. "ஒன்னுது தடிச்ச அட்டையால்ல அடிச்சிருந்த. அரிசி அள்ள நல்லா இருந்துச்சுன்னு வச்சிருந்தேன். கரையான் தின்னுருச்சு" என்றாள்.

ஒன்று ஒழிந்தது. மீதம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. திரும்பி வருகிற பஸ்ஸில், எந்தெந்த வீட்டில் கரையான் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் பெரிய ஆபத்து சுவரிலேயே தொங்குவதைப் பார்த்தேன். என் கல்யாணத்துக்கு அச்சக நண்பர்கள் சட்டம் போட்டுக் கொடுத்த வாழ்த்து மடல். அந்தப் படுபாவி மிஷின்மேன், கிண்டலுக்கென்றே என் பெயரைச் சின்ன எழுத்திலும் பி.ஏ.வைத் தங்க மையில் பெரிய எழுத்திலும் அடித்திருந்தான். இருபது வருடமாக அது என் தலைக்கு மேலே மின்னிக்கொண்டிருந்தது.

கழற்றப் போனேன். மனைவி அடுப்படியிலிருந்தே பார்த்துவிட்டாள்.

"கல்யாண மடலை எதுக்கு எறக்குறீக? கைய எடுங்க."

"தூசி தட்டத்தான்."

"இம்புட்டு வருசமா தட்டாத தூசியா? நல்ல காரியம் நடக்குற நேரத்துல அதை எறக்கக்கூடாது."

அதனால் இறக்கவில்லை, மறைத்தேன். வியாபாரிகள் பார்த்து ஆர்டர் கொடுப்பதற்காக ஆடிப்பெருக்கன்று வெளியிடுகிற காலண்டர் ஆல்பத்துக்கு அச்சகத்தில் மாதிரிகள் அச்சாகிக்கொண்டிருந்தன. பெரிய அளவில் மாதக் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து அதே ஆணியில் மடலுக்கு மேலே தொங்கவிட்டேன். பி.ஏ. மறைந்து, பச்சை மலையும் அருவியும் வந்தன. அன்றைக்குத்தான் இரவு சோறு சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலை வி.ஏ.ஓ. ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். சின்ன வயதுப் பெண், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மனைவி கம்பெனிக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். மகள் எல்லா ஆவணங்களையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். நான் காலண்டருக்கு முன்னால் காவலுக்கு நிற்பதுபோல நின்றேன்.

"உக்காருங்க அண்ணாச்சி, ஏன் நிக்கிறீக?"

"பரவாயில்ல மேடம். நின்னே பழக்கம்."

என் டி.சி.யையும் மனைவியின் டி.சி.யையும் பார்த்தார். ரேஷன் கார்டைப் பார்த்தார். மகளிடம் எந்தப் பாடம் எடுக்கப் போகிறாய் என்று கேட்டார். எழுந்து கிளம்பியவர் என் தோளுக்கு மேலே பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, ஜூன் மாசத்துலயே அடுத்த வருசக் காலண்டரை மாட்டியிருக்கீக?"

இதை நான் யோசிக்கவே இல்லை. அச்சகத்தில் நாங்கள் எப்போதும் அடுத்த வருடத்தில்தான் இருப்போம்.

"அப்ப அடுத்த வருசம் தீபாவளி என்னைக்குன்னு பாத்துருவோம்" என்று பக்கத்தில் வந்தார். சிவகாசிப் பக்கத்து ஆள் காலண்டரைக் கண்டால் வேறெதைப் பார்ப்பார்? அக்டோபர், நவம்பர் என்று தாள்களைத் தூக்கினார். தாளோடு அட்டையும் தூக்கிக்கொண்டது. கண்ணாடி மின்னியது. அதற்குள் தங்க மையும் மின்னியது.

"பி.ஏ." என்று வாய்விட்டு வாசித்தார்.

நான் கைகூப்பி, தபால் வழி, தமிழ்ப் பாடம், வரியின் நீளம், மணமகளின் பெயர் நீளம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். கேசு போடுவதாக இருந்தால் என்மேல் போடுங்கள், பிள்ளைக்குச் சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னதாக மகள் பிறகு எல்லாரிடமும் நடித்துக் காட்டினாள்.

வி.ஏ.ஓ. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அண்ணாச்சி, கல்யாணப் பத்திரிகைய நம்புனா இந்த ஊர்ல ஒரு பிள்ளைக்கும் நான் முதல் பட்டதாரி எழுத முடியாது. எங்க அப்பா பத்திரிகையிலயே பி.காம். போட்டிருக்கு. அவரு பத்தாவது. எனக்கு வேண்டியது ஒங்க டி.சி.யும் கையெழுத்தும். ரெண்டும் சரியாத்தான இருக்கு?"

"சரியா இருக்கு மேடம்."

"அப்புறம் எதுக்கு வேர்க்குது?"

அவர் போனதும் நான் மனைவியின் பக்கம் திரும்பினேன். இருபது வருடமாக அவளிடம் நான் இதைச் சொன்னதே இல்லை. பட்டதாரி மாப்பிள்ளை என்று நம்பித்தானே கட்டிக்கொடுத்தார்கள்!

"ஒனக்கு வருத்தமா?"

"எதுக்கு? பாப்பா பால்வாடிக்குப் போறப்ப, கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தாகல்ல? படிப்பு என்னன்னு கேட்டதுக்குப் பன்னெண்டாவதுன்னு நீங்கதான சொன்னீக. நான் ஒங்க பக்கத்துலதான் நின்னேன்."

"அன்னைக்கே தெரியுமா? ஏன் கேக்கல?"

"பத்திரிகையில நான் நல்ல செவப்புன்னு போட்டிருந்தா, அது பொய்யின்னு நானா வந்து ஒங்ககிட்டச் சொல்லியிருப்பேனா? போங்க, அந்தக் காலண்டரை எறக்குங்க. இந்த வருசமே இன்னும் பாதி இருக்கு."

மறுநாள் அச்சகத்தில் மிஷின்மேனைப் பிடித்து உலுக்கினேன். "நான் சும்மா சொன்னேம்ப்பா, நீ ஆமத்தூர் வரைக்கும் போவன்னு யாரு கண்டா?" என்று அவன் சிரித்தான். டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

பத்தாம் நாள், சான்றிதழ் தயார் என்று மகளின் போனுக்குச் செய்தி வந்தது. அதைப் பதிவிறக்கம் செய்து, எங்கள் அச்சகத்திலேயே நல்ல தாளில் இரண்டு பிரதி எடுத்தோம். கலந்தாய்வில் அவளுக்கு மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு கிடைத்தது. இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள். படிப்புக் கட்டணம் அரசு கொடுக்கிறது; விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் நாங்கள் கட்டுகிறோம். கல்யாணப் பத்திரிகையை யாரும் கேட்கவில்லை.