இருட்டறைக் கதவைத் தட்டாதே

"கனவு கண்டிருப்பே" என்று சொல்ல வாயெடுப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனவு வருமளவுக்கு அந்த வாரம் நான் தூங்கவே இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பாதவர்கள் இன்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துப் பாருங்கள்.

ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்த முதல் வாரம் அது. ஊரிலிருந்து கிளம்பும்போது அண்ணன் வாசலில் நின்று சிரித்தான்.

"பெட்டியைப் பிரிக்காத. வெள்ளிக்கிழமை பஸ்ல திரும்பி வந்து நிப்ப."

அந்த ஆத்திரத்தில், விடுதி அறைக்குள் நுழைந்த கையோடு துணிகளையெல்லாம் அலமாரியில் அடுக்கினேன். காலிப் பெட்டியைத் தூக்கி அலமாரியின் தலையில் வைத்தேன். இறக்க வேண்டுமானால் நாற்காலி போட்டு ஏற வேண்டும்.

பேராசிரியரும் அண்ணன் கட்சிதான் போலிருந்தது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உனக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கல. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல ஒரு நல்ல ஃபிலிம் காட்டு. முடியலன்னா சொல்லிடு, அடுத்த ஆளைக் கூப்பிடணும்."

"முடியும் சார்" என்றேன். குரல் கொஞ்சம் உரத்துவிட்டது.

வேலை இதுதான். புரதம் படிந்த ஒரு சின்னத் தாள். அதன் மேல் ஒரு திரவத்தை ஊற்றினால் தாள் மெல்ல ஒளிரும். அந்த ஒளியை இருட்டறையில் வைத்து ஃபிலிமில் பதித்து, கழுவி எடுக்க வேண்டும். ஒளி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து, இரண்டு நாள் வேலை.

லேபைச் சுற்றிக் காட்டியவர் நான்காம் வருட சீனியர். வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார் என்பதால் எல்லோருக்கும் அவர் ஸ்வெட்டர் அக்கா. இருட்டறை வராந்தாவின் கடைசியில் இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வெளியே மேலே ஒரு சிவப்பு பல்பு, அதன் சுவிட்ச் உள்ளே.

"பல்பு எரிஞ்சா உள்ள ஆள் இருக்கு. எரியலன்னா நேரா போ. தட்ட மட்டும் தட்டாத."

"ஏன் அக்கா? எங்க பழைய காலேஜ்ல தட்டித்தான் பாப்போம். உள்ள ஆள் இருந்தா திருப்பித் தட்டுவாங்க."

"தட்டாதன்னா தட்டாத."

செவ்வாய்க்கிழமை மாலை 5.40. தாளில் திரவத்தை ஊற்றி, ஒளி படாத பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். பல்பு எரியவில்லை. ஆனால் இரண்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா? கை தானாகப் போனது.

டொக், டொக்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

டொக்... டொக்.

யாரோ பல்பைப் போட மறந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். திறக்கக் கூடாது. ஒரு கீற்று வெளிச்சம் பட்டால் அடுத்தவர் உழைப்பு பாழ். காத்திருந்தேன். ஒன்று மட்டும் உறுத்தியது. அந்தச் சத்தம் கதவின் கீழ்ப் பக்கத்திலிருந்து வந்தது. என் முழங்காலுக்கும் கீழே.

6.05. மறுபடி தட்டினேன். இந்த முறை நான்கைந்து தட்டல்கள், அவசரமாக. 'அடடா, இருக்கேன், இரு' என்று எரிச்சல்படுவதாக எடுத்துக்கொண்டேன்.

6.25. தட்டினேன்.

ஒரே ஒரு தட்டல். சுரண்டுவதுபோல...

பிறகு எதுவும் இல்லை.

6.40-க்குப் பொறுமை போய்விட்டது. கதவைத் தள்ளினேன். யாருமே இல்லை. வேறு வழியும் இல்லை, ஜன்னலும் இல்லை. என் தாளில் ஒளி செத்துப் போயிருந்தது.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. விஷயத்தைச் சொன்னதும் ஸ்வெட்டர் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"தட்டினியா? நான் சொன்னேன்ல... பக்கத்து டிபார்ட்மென்ட்ல இருட்டறை இருக்கு. அங்க போய்க் கழுவிக்கலாம்."

"நம்ம லேப்ல கழுவாம நான் ஏன் அங்க போகணும்?"

எனக்கு முன் வந்த இரண்டு பேர் ஏன் ஓடினார்கள் என்று எனக்கு அப்போது அரைகுறையாகப் புரிந்தது. பயந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் சிரித்த சிரிப்பு அதைவிடப் பெரிதாக நின்றது. அன்றிரவே வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

வியாழக்கிழமை மாலை 6.10. தட்டவில்லை. நேராக உள்ளே போனேன். வெளிப் பல்புக்கு சுவிட்ச் போட்டேன். உள்ளே மங்கிய சிவப்பு விளக்கு மட்டும். ஃபிலிமைத் தாள் மேல் வைத்து எடுத்தேன். மருந்து ஊற்றிய முதல் தட்டில் போட்டேன். கறுப்புப் பட்டைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. அழகாக வந்தன! இனி கடைசித் தட்டில் இரண்டு நிமிடம் கிடந்தால் போதும். அதற்குள் கதவு திறந்தால் எல்லாம் கருத்துப் போகும்.

அப்போது வெளியே யாரோ தட்டினார்கள்.

டொக், டொக்.

பதிலுக்குத் தட்டக் கையைத் தூக்கினேன்.

அதற்கு முன்பே பதில் போய்விட்டது.

டொக்... டொக்.

உள்ளேயிருந்து.

என் காலடியிலிருந்து.

கீழே பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. மூச்சு கேட்டது. அடைத்த மூக்கில் விசில் அடிப்பதுபோல, இழுத்து இழுத்து... என்னுடைய மூச்சு இல்லை அது. நான் மூச்சை நிறுத்தியிருந்தேன்.

டொக்.

கதவு இரண்டடி தூரம். ஓடலாம். ஓடினால் ஃபிலிம் போச்சு.

டொக்...

"ரெண்டு நிமிஷம் இரு" என்றேன். பல் கிடுகிடுத்தது. "கழுவிட்டுத்தான் போவேன். பயந்து ஓடினவங்க வேற. நான் வேற."

மூச்சு நின்றது.

இரண்டு நிமிடம் முடிந்ததும் ஃபிலிமைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன். நான் போட்ட வெளிப் பல்பு அணைந்திருந்தது. வராந்தாவில் ஸ்வெட்டர் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நீதான் திருப்பித் தட்டினியா?"

"இல்ல."

"கீழ இருந்து வந்துச்சு..." என்று அழ ஆரம்பித்தார். "பல்பு எரியல. லேப்லயும் உன்னைக் காணோம். பயத்துல தட்டிட்டேன்."

பிறகுதான் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் இந்தக் கதவுக்குப் பல்பு கிடையாது. இங்கேயும் தட்டும் வழக்கம்தான். அக்காவுடன் சேர்ந்த ஒரு பெண், முதல் வாரம், தனியாக உள்ளே போயிருக்கிறாள். ஆஸ்துமா உள்ளவள். மருந்து நெடியில் மூச்சு முட்டி விழுந்துவிட்டாள். எழுந்து கைப்பிடியைப் பிடிக்கத் தெம்பில்லை. கிடந்தபடியே கதவைத் தட்டியிருக்கிறாள்.

"நான் போய்த் தட்டினேன். திருப்பித் தட்டினா. ஆள் இருக்குன்னு வந்துட்டேன். எனக்கப்புறம் இன்னும் ரெண்டு பேர் தட்டினாங்க. அவங்களுக்கும் பதில் வந்திருக்கு. மறுநாள் காலைலதான் திறந்தோம்."

ரெண்டு நிமிஷம் இரு... நானும் அவளைக் காக்கத்தான் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் ஃபிலிமை மேசை மேல் வைத்தேன். பேராசிரியர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் என்ன பண்ணப் போற?" என்றார். சேர்த்துக்கொண்டார் என்று அர்த்தம். அண்ணன் போன் செய்தான். "பஸ் ஏறிட்டியா?" "பெட்டி எட்டல" என்று வைத்துவிட்டேன்.

போனை வைத்த கையோடு இருட்டறைக்குப் போனேன். ஸ்வெட்டர் அக்கா பின்னாலேயே ஓடி வந்தார். "வேணாம்டி!"

"தட்டினா திறக்கணும் அக்கா. மூணு வருஷமா பதில் வந்தவுடனே யாரும் திறக்கலையே!"

தட்டினேன். கீழேயிருந்து பதில் வந்தது.

ஒரு நொடிகூட நிற்கவில்லை. கதவைச் சுவரில் மோதும்படி திறந்தேன். உள்ளே பெரிய விளக்கையும் போட்டேன். மூடாமல் கிடந்த ஒரு பெட்டி ஃபிலிம் பாழாய்ப் போனது. போகட்டும்.

"வெளிய வா" என்றேன்.

முழங்காலுக்குக் கீழே, குளிர்ச்சியாக, ஏதோ என்னை உரசிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அந்தக் கதவைத் தட்டினால் பதில் வருவதில்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை காலை ஸ்வெட்டர் அக்கா லேப் வாசலில் நின்றிருந்தார். கையில் போன். கண்கள் சிவந்திருந்தன.

"நேத்து என் ரூம் கதவைத் தட்டுச்சு. கீழ."

"திறந்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"அன்னிக்குத் தட்டினோம்னு சொன்னேன்ல, மத்த ரெண்டு பேர்... படிச்சு முடிச்சு எங்கெங்கயோ இருக்காங்க. மூணு வருஷமா ஒரு பேச்சு கிடையாது. இன்னிக்குக் காலைல ரெண்டு பேரும் போன் பண்ணாங்க. அவங்க வீட்டுக் கதவுலயும்... கீழ..."

அக்காவை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

"இன்னிக்கும் வந்தா என்னடி பண்றது?"

"திறங்க அக்கா" என்றேன்.

என் அறைக் கதவை இதுவரை எதுவும் தட்டவில்லை.