கண்ணாடி டம்ளரில் கலங்கல்

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், மண் அணையின் அடிவாரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணாடி டம்ளரைக் கிழக்கே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் அதற்குள் பார்த்துக்கொண்டிருப்பார் அவர். அந்த வழியே புதிதாக வருகிறவர்கள், 'காலங்காத்தாலயேவா!' என்று தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அவரோடு பழக்கமான எல்லோருமே முதல் நாள் அப்படி நகர்ந்து போய், மறுநாள் மனசு கேட்காமல் திரும்பி வந்தவர்கள்தான்.

டம்ளரில் இருப்பது தண்ணீர். அணையின் பின்சரிவு தரையைத் தொடுகிற இடத்தில் ஓயாமல் ஊறி வருவது. மண்ணால் கட்டிய அணை கொஞ்சமாவது கசியத்தான் செய்யும். தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. கலங்கலாகக் கசிந்தால், கரைக்குள்ளிருந்து மண்ணையும் உருவிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

அணையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை, 'அரைத்தூக்கம்' என்பதே பெயராகிவிட்டது. இமைகள் பாதிக்கு மேல் திறக்காது. பேச்சும் அப்படித்தான். தலை வெளியே வந்துவிடும், வால் தொண்டைக்குள்ளேயே படுத்துக்கொள்ளும்.

"என் மூஞ்சிய ஒரு நாளாவது இப்படி உத்துப் பாத்திருக்கீங்களா?" என்று மனைவி குத்திக்காட்டுவார்.

"நீ கலங்குனா... டம்ளர் எதுக்கு..." என்பார் அவர். அந்த வாக்கியத்தின் வாலை மனைவி தானே முடித்துக்கொண்டு, சிரிப்பை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கரைமேல் எந்தச் செடி தலைகாட்டினாலும் பிடுங்கிவிடுவார். வளரவிட்டால் வேர் உள்ளே போய்த் தண்ணீருக்கு வழிகாட்டிவிடும். நிழலுக்கென்று யாரோ ஆசையாக நட்ட கன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் அதைத் தூக்கி எறியவும் மனமில்லாமல், ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய்த் தன் வீட்டுக் கொல்லையில் நட்டார். இன்று அந்தக் கொல்லை ஒரு சின்னக் காடு.

அணை நிறையும் மாதங்களில் அவர் நடையே மாறிவிடும். ஒரு பக்கம் மேகம் மிதக்கிற தண்ணீர். மறுபக்கம், வெகு கீழே, அவருடைய அக்காவின் ஓட்டு வீடும் வயலும். மீன்கள் எல்லாம் அக்கா வீட்டுக் கூரையைவிட உயரத்தில் நீந்திக்கொண்டிருப்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வரும். கூரைக்கு மேலே வானத்தில் ஒரு கெண்டைக் கூட்டம் திரும்புவதுபோலக் கண்ணில் ஆடும். காலடியை மெல்ல எடுத்து வைப்பார், யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

போன மழையில் ஒரு காலை, டம்ளருக்குள் பால் கலந்ததுபோல் இருந்தது. கொட்டிவிட்டு மறுபடி மொண்டார். அதே நிறம். பாசனச் சங்கத் தலைவருக்குப் போன் போட்டார்.

"அண்ணே... கலங்கல்... வருது."

"வந்துடுச்சா! உன் வாய்க்குச் சக்கரை போடணும்யா!" தலைவர் போனை வைத்துவிட்டார்.

அணை நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போக, கரையின் ஓரத்தில் கல்லால் ஒரு வழி கட்டியிருக்கிறது. அதற்கும் கலங்கல் என்றுதான் பெயர். கலங்கல் வருகிறது என்றால், அணை நிரம்பி வழிகிறது என்றும் ஆகும். பல வருஷமாக யாரும் பார்க்காத காட்சி அது. கொஞ்ச நேரத்தில் ஊரே சிரித்துக்கொண்டு கரையேறியது. ஒருவர் டிராக்டரில் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு, கரைமேல் ஓட்டிக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் கரையை விட்டு எறங்குங்க! டிராக்டரைப் பின்னால எடுங்க!"

குரல் யாருடையது என்று எல்லோரும் தேடினார்கள். அரைத்தூக்கத்தின் கண்கள் முழுசாகத் திறந்திருந்தன. வாக்கியத்துக்கு வால் இருந்தது.

தலைவருக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துப்போய், அணையைப் பார்வையிட வரும் பொறியாளரம்மாவைப் போனில் பிடித்தார். உடனே மதகைத் திறந்து தண்ணீரைக் குறைக்கச் சொன்னார் அந்த அம்மா. களிமண்ணைக் கொண்டுவந்து கசிவை அப்பிவிடலாம் என்று நாலைந்து பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள்.

அரைத்தூக்கம் குறுக்கே கை நீட்டினார். "அடைக்காதீங்க. இங்க அடைச்சா வேற பக்கம் கிழிச்சுக்கும். அந்தம்மா முன்னமே சொல்லியிருக்காங்க. மணலைப் போட்டு மேல ஜல்லியப் போடுங்க. தண்ணி போகட்டும், மண்ணு நிக்கட்டும்."

மதகை மறித்துக்கொண்டு நின்றது அக்காதான். "டேய், கதிர்ல பால் பிடிக்கிற நேரம்டா. மொத்தத்தையும் இப்பத் திறந்துவிட்டுட்டா அப்புறம் எதைப் பாய்ச்சுவேன்? உன் கண்ணீரையா?"

அவர் டம்ளரில் கசிவுத் தண்ணீரை மொண்டு வந்து அக்கா கையில் கொடுத்தார். "என் மூஞ்சிக்கு நேரா பிடிச்சுப் பாருக்கா."

அக்கா பார்த்தாள். டம்ளரை விலக்கித் தம்பியைப் பார்த்தாள். மறுபடி டம்ளர் வழியே பார்த்தாள்.

"மூக்கு தெரியலடா."

"உன் வீடு கீழ இருக்குக்கா."

டம்ளரை அவரிடம் திணித்துவிட்டு, மதகின் திருகில் முதல் கையை வைத்தவள் அக்காதான்.

கரை நின்றது. அக்காவின் பயிரில் பாதி பதராகப் போனது. "என் பயிரைக் குடிச்சவன்" என்று எதிரே வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள், தம்பியிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டாள். கோடையில் கரையைப் பிளந்து, கெட்ட மண்ணை அள்ளிவிட்டு, புது மண் போட்டு இறுக்கினார்கள். அந்த வேலை நடந்த நாளெல்லாம் அவர் அக்கா வீட்டுப் பக்கம் பார்க்காமலே வேலை செய்தார்.

இப்போதும் அவர் அதே கரையில்தான் வேலை பார்க்கிறார். அணை இந்த வருஷம் முக்காலுக்கு நிறைந்திருக்கிறது. காலையில் வயலுக்குப் போகும் அக்கா, அடிவாரத்தில் நின்று, எங்கேயோ பார்த்தபடி கையை மட்டும் நீட்டுகிறாள். அவர் டம்ளரில் மொண்டு கொடுக்கிறார். அக்கா அதைத் தம்பியின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்ததும், அவர் பாதிக் கண்ணையும் மூடிக்கொண்டு, மூச்சை அடக்கி, மூக்கை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.