எங்கள் வாசலில் அடங்கிய டிரம்

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பர் அது. என் வீட்டுக்காரர் தாஸ் வேலை செய்யும் விசைப்படகு, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டிய நாளில் திரும்பவில்லை. கூடப் போன படகுகள் எல்லாம் வந்துவிட்டன. நடுக்கடலில் காற்று மாறி மழை அடித்தது என்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் படகு ஒயர்லெஸ்ஸில் பேசவே இல்லையாம். இதைச் சொன்னவர்களில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் நடந்தேன். மீன் விற்கப் போகவில்லை. யாராவது ஆறுதலாகக் கையைப் பிடித்தால் உதறிவிட்டேன். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் அதுவும் சண்டையாகத்தான் போனது. "முதலில் அவரைக் கொண்டுவந்து விடும், அப்புறம் உம்மை நம்புகிறேன்" என்று மீனுக்குப் பேரம் பேசுகிற மாதிரியே ஆண்டவரிடம் பேசினேன். பதில் இல்லை. பரலோகத்திலும் சிக்னல் இல்லை போல என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட மாட்டார்கள். வீடு வீடாகப் பாடி வரும் கேரல் ரவுண்டும் அந்த வாசலில் பாடாது. டிரம்மை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து கடந்துபோகும். துக்கத்துக்குக் கொடுக்கிற மரியாதை அது.

ஒரு நாள் மத்தியானம் என் நாத்தனார் ஸ்டெல்லா வந்தாள். எங்கள் வாசலில் தொங்கிய ஸ்டாரையே பார்த்தபடி நின்றாள்.

"அண்ணி, தெருவுல ஒரு மாதிரி பேசுறாங்கோ. அத்தக் கழட்டிடலாமா?" என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர்தான். அவளுக்கும் கூடப்பிறந்த அண்ணன் அல்லவா?

"உங்க அண்ணன் இன்னா செத்தா பூட்டாரு? கைய வெச்சுப் பாரு, அப்புறம் தெரியும்!" என்று கத்தினேன். பாவம், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கேரல் ரவுண்டு எங்கள் தெருவுக்குள் வந்தது. டிரம் சத்தம் நெருங்கிக்கொண்டே இருந்தது. எதிர் வீட்டில் பாடி முடித்தார்கள். எங்கள் வாசலுக்கு வந்ததும் டிரம் நின்றது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவரும் தலையைக் குனிந்துகொண்டார். சத்தமில்லாமல் தாண்டிப் போனார்கள். ஊரே சேர்ந்து அவரைச் சாகடித்துவிட்டது என்று தோன்றியது.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். ரவுண்டை நடத்தும் ஜான்சன் அண்ணனின் கழுத்தில் மாட்டியிருந்த டிரம்மைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னாண்ணா, என் வூட்டத் தாண்டிப் போறீங்கோ? அவுரு உசுரோட கீறாரு! வந்து பாடுங்கோ!"

"இல்லம்மா, உன் மன்சு நோவக்கூடாதுன்னுதான்..."

"அது ஏற்கெனவே நொந்துதான் கீது. வாங்கண்ணா."

வந்தார்கள். டிரம் அடிக்க யாருக்கும் கை வரவில்லை. மெதுவாகப் பாடினார்கள். அது எங்கள் சபையிலேயே கட்டிய பாட்டு. பல வருஷம் நானே முன்னால் நின்று பாடியிருக்கிறேன். எங்கே கைதட்ட வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அர்த்தத்தை மட்டும் யோசித்ததே இல்லை. அன்று ஒவ்வொரு வார்த்தையாகக் காதில் விழுந்தது.

"விடியட்டும் என்று காத்திருக்கவில்லை, என்
இருட்டுக்குள் வந்து பிறந்தாரே."

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீர் முதலில் விடியப் பண்ணும் என்று நான் அடம்பிடித்துக்கொண்டிருந்தேன். அவரோ விடிவதற்குக் காத்திருக்காமல், சத்திரத்தில் இடம்கூடக் கிடைக்காத ஒரு தாயின் மடியில் வந்து பிறந்தவர். அப்படியானால் தாஸ் இருக்கும் கடலிலும் அவர் இருக்கிறார். அடுப்புப் பற்றவைக்காத என் வீட்டிலும் இருக்கிறார். அத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. "ஆண்டவரே, அவர் எங்கே இருந்தாலும் கூட இரும். என்னோடும் இரும். ஸ்தோத்திரம்" என்றேன். அதில் பேரம் எதுவும் இல்லை.

என் பதற்றம் பறந்துபோனது என்று பொய் சாட்சி சொல்ல மாட்டேன். மறுநாளும் கால்கள் துறைமுகத்துக்குத்தான் ஓடின. ஆனால் தனியாக ஓடவில்லை என்று தெரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்பே ஒரு காலை, துறைமுகத்தில் நின்றிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"இன்னா மே, துன்னியா?"

அவரேதான்! ஒன்றுமே நடக்காத மாதிரி, சாப்பிட்டாயா என்று கேட்கிறார். இன்ஜின் பழுதாகிப் படகு வடக்கே அடித்துக்கொண்டு போயிருக்கிறது. ஆந்திரப் படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார்கள். எல்லோரும் பத்திரம். துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி அவரைத் திட்டித் தீர்த்தேன். பிறகு தரையில் தேங்கிக் கிடந்த மீன் தண்ணீரிலேயே முழங்கால் போட்டேன்.

தாஸ் இன்றும் கடலுக்குப் போகிறார். காற்று எழும்பினால் எனக்கு இன்றும் இருப்புக்கொள்ளாது. நான் மறுபடியும் கேரலில் பாடுகிறேன். இப்போது எங்கள் ரவுண்டு துக்க வீட்டைத் தாண்டிப் போவதில்லை. உள்ளே கேட்டுவிட்டு, சம்மதித்தால் டிரம் இல்லாமல் பாடுகிறோம். அப்படி ஒரு வீட்டில், புருஷனைப் பறிகொடுத்த ஒரு தங்கச்சி என்னை மடக்கினாள்.

"உன் புருஷன் வந்துட்டாரு. ஆண்டவரு கூட கீறாருன்னு நீ சொல்லுவக்கா, நான் எப்டி சொல்றது?"

நியாயமான கேள்வி. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வாசற்படியில் உட்கார்ந்து நான் ஸ்தோத்திரம் சொன்னபோது அந்தப் போன் வந்திருக்கவில்லை. தாஸ் வருவாரா என்று எனக்குத் தெரியாது. ஆண்டவர் வந்துவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது. உங்கள் வீடும் இன்று இருண்டு கிடக்கிறதா? சண்டை போட்டாவது அவரைக் கூப்பிடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். என்னிடமே கோபித்துக்கொள்ளவில்லையே.