அற்புதமேரி டீச்சர் வண்டியின் பின்பிரேக்

அற்புதமேரி டீச்சர் சந்தேகப்படாத ஆள் என்று எங்கள் நரிமேட்டுத் தெருவில் ஒருவரும் பாக்கியில்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார். கேஸ் போடுகிறவர் பாதி சிலிண்டரைத் தலையில் கட்டிவிடுகிறார். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் நான், பாண்டீஸ்வரி, வேண்டுமென்றே மோட்டாரை நிறுத்தாமல் விடுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து, காப்பியடிக்கிற பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்து அந்தப் பார்வை முகத்தில் அப்படியே தங்கிவிட்டது. காரை சர்வீசுக்கு விடும்போதுகூட, கண்ணில் படுகிற பாகத்துக்கெல்லாம் சிவப்பு நகப்பூச்சில் பொட்டு வைத்துத்தான் அனுப்புவார். மெக்கானிக் நல்லதைக் கழற்றிக்கொண்டு ஓட்டையை மாட்டிவிடுவாராம். மனுஷி என்றால் இப்படியா!

அந்தக் காருக்கு வயது பதினேழு. செவ்வாயும் வெள்ளியும் டீச்சர் அதை எடுத்துக்கொண்டு வாடிப்பட்டிக்குப் போவார். அங்கே அவருடைய அக்கா ஆன்மேரி பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். போய்ப் பார்க்க வேறு நாதியில்லை. டீச்சருக்கு மூட்டுவலி, பஸ் படி ஏற முடியாது. அதனால் அந்தக் கார் ஓடினால்தான் அக்கா.

போன மாதம் வண்டி இழுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பின்சக்கரம் இரண்டும் தொட முடியாத சூடு. கோரிப்பாளையம் மெக்கானிக் தமிழ்மாறன் பார்த்துவிட்டு, பின்பக்கக் கேலிப்பர் இரண்டும் இறுகிவிட்டது என்றார். சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம் அது. பிடித்தது விடவில்லை என்றால் பிரேக்கோடு ஓட்டுகிற மாதிரிதான். "புதுசு கெடைக்கிறது கஷ்டம் டீச்சர், பேசாம வித்துருங்க" என்றும் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே சென்னையிலிருந்து மகன் ஜெய்சன் போன் செய்து, சனிக்கிழமை வண்டியை விலைக்குப் பார்க்க ஆள் வருவதாகச் சொன்னான்.

அவ்வளவுதான், டீச்சர் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்.

"ரெண்டு பேரும் பேசிவச்சுக்கிட்டாய்ங்க பாண்டீஸ்வரி. வண்டி போச்சுன்னா நான் வீட்டோட கெடப்பேன்ல, ஜெய்சனுக்கு அதான் வேணும். எங்க அக்காவ யாரு போயிப் பாப்பா?"

"அப்ப வேற மெக்கானிக்கிட்ட காட்டுங்க."

"அவன் மட்டும் யோக்கியனா? நானே கழட்டிப் பாக்குறேன். வியாழக்கிழமை ஒனக்கு லீவுதான?"

எனக்கு ஸ்கேன் சென்டரில் வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. அதற்கும் வந்தது வேட்டு.

வியாழன் காலை போர்ட்டிகோவில் முன்சக்கரங்களுக்குச் செங்கல் வைத்து, பின்சக்கரங்களைப் பிடிக்கிற ஹேண்ட்பிரேக்கை நான் இறக்கிவிட்டேன். டீச்சர் போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நோட்டில் ஒன்று, இரண்டு என்று எழுதி வைத்திருந்தார். அவர் வாசிக்க, நான் செய்ய வேண்டும். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினோம். கேலிப்பரின் இரண்டு போல்ட்டையும் எடுத்து, பிரேக் ட்யூப் இழுபடாமல் கம்பியில் தொங்கவிட்டோம். துருவைத் துடைத்ததும் உள்ளே ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. நாலு வருஷத்துக்கு முன் டீச்சர் வைத்த நகப்பூச்சு.

"பாருங்க, அந்தண்ணன் எதையும் மாத்தல" என்றேன்.

டீச்சர் முகத்தில் சந்தோஷமே இல்லை. "நகப்பூச்சு கடையில கெடைக்காதாக்கும்" என்றார்.

கேலிப்பர் நகர்வதற்கென்று உள்ளே இரண்டு இரும்புப் பின் இருக்கிறது. அதுதான் கிரீஸ் தீய்ந்து, கருகி, ஒட்டிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு, ஆட்டி ஆட்டி எடுப்பதற்குள் எனக்குத் தோள் கழன்றது. தேய்த்துச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கிற கிரீஸைத் தடவினோம். பிஸ்டனை அமுக்கினால் போகாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும் என்று நோட்டில் இருந்தது. அதையும் திருகினேன். இரண்டு பக்கமும் முடிய மூன்று மணி. சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் சும்மா சுற்றியது. டீச்சர் சிரித்தார். சத்தியமாக, அந்த வீட்டில் மூன்று வருஷத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

வெள்ளிக்கிழமை என்னையும் வண்டியில் ஏறச் சொன்னார். "நடுவுல எவனும் கைய வைக்கலங்கிறதுக்கு ஒரு சாட்சி வேணும்" என்றார். மத்தியானம் வேலைக்குப் போனால் போதும் என்று நானும் ஏறினேன்.

சமயநல்லூர் தாண்டவில்லை, தீய்ந்த வாடை வந்துவிட்டது. ஓரங்கட்டி இறங்கி, பாட்டில் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினேன். சுர்ரென்று ஆவி எழும்பியது.

"எத ஒழுங்கா மாட்டாம விட்ட?" டீச்சர் என்னைத்தான் பார்த்தார். "ஜெய்சன் ஒனக்கு போன் பண்ணானா? நெசத்தச் சொல்லு."

எனக்கு வந்ததே கோபம்! லீவையும் தின்று, தோளையும் உடைத்து, கடைசியில் இந்தப் பட்டமா? "நான் பஸ்ஸுல போறேன்" என்று பையை எடுக்கக் காருக்குள் குனிந்தேன். டீச்சரும் முறைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கினார், விரல் வழுக்கியது, லீவர் பாதியில் நின்றது. அவர் கையை எடுத்துக் கியர் மேல் வைத்துவிட்டார். டாஷ்போர்டில் அதற்கான சிவப்பு விளக்கு ஃப்யூஸ் போய் எத்தனை வருஷமோ, எரியவில்லை.

நான் கையை நீட்டிப் பட்டனை அமுக்கி லீவரைத் தள்ளினேன். இன்னும் இரண்டு பல் கீழே இறங்கியது.

டீச்சர் அதைப் பார்த்தார். மறுபடி மேலே இழுத்து, அவரே இறக்கினார். பாதியில் நின்றது. இன்னொரு தடவை. அதே பாதி. மூன்றாவது தடவை இடது கையின் மேல் வலது கையையும் வைத்து அமுக்கினார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து ஜெய்சன் போன். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னம்மா, வண்டி ஓடுதா?"

ஓடுது என்று சொன்னால் தீர்ந்தது. சொல்லிவிடுங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன்.

"வண்டி நல்லாத்தாண்டா இருக்கு" என்றார் டீச்சர். "ஹேண்ட்பிரேக்க என்னால முழுசா எறக்க முடியல. பெருவெரல்ல தெம்பு இல்ல. பிரேக்கோடயே ஓட்டிருக்கேன். கெடுத்தது நான்தான்."



"வெரல் வலிக்கிதுன்னு ஏம்மா சொல்லல?"

"சொன்னா வண்டியப் புடுங்கிருவ. அக்கா அங்க வாசலயே பாத்துக்கிட்டுக் கெடப்பா."

"சனிக்கிழம அந்தாள் வரமாட்டாரு" என்றான் ஜெய்சன். "நான் வாரேன். டாக்டர்கிட்ட காட்டுவோம். பெரியம்மாவையும் பாத்து ரெண்டு வருஷமாச்சு. நானே ஓட்டிட்டுப் போறேன்."

போனை வைத்துவிட்டு டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எதுக்கு வாரான்னு தெரியலையே" என்றார்.

"வரட்டும் டீச்சர்" என்று பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன். சக்கரம் ஆறுகிறவரைக்கும் காத்திருந்தோம். அப்புறம் டீச்சர் வண்டியை ஸ்டார்ட் செய்து, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார்.

"நீயே எறக்கும்மா" என்றார்.