தங்கையின் கன்னம்

இது நடந்தபோது எனக்குக் காய்ச்சல் இல்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. பட்டப்பகல். மூக்கில் டர்பன்டைன் நெடி ஏறியிருந்தது. கனவில் டர்பன்டைன் நெடி அடித்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால், கனவு கண்டிருப்பாய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் பக்கத்தில் நின்று இன்னொருத்தியும் பார்த்தாள். அவள் என் தங்கை. இன்றுவரை நாங்கள் இருவரும் தனித்தனியாகச் சொன்னாலும் கதை ஒன்றாகத்தான் இருக்கும்.

நான் ஓவியங்களைப் பழுதுபார்ப்பவள். ஓர் அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் எங்கள் வேலை அறை. நூறு, நூற்றைம்பது வருஷத்துப் படங்கள் வரும். விளக்குக் கரி, ஈ எச்சம், மஞ்சள் பூத்த வார்னிஷ் எல்லாவற்றையும் பஞ்சால் துடைத்து எடுக்க வேண்டும். வண்ணம் உதிர்ந்த பள்ளங்களில் பூச்சு நிரப்பி, அக்கம்பக்கத்து நிறத்தோடு கலந்துபோகிற மாதிரி தீட்ட வேண்டும். நான் தொட்ட இடம் எதுவென்று பார்க்கிறவருக்குத் தெரிந்தால் என் வேலை மோசம். யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று அம்மா கேலி செய்வாள்.

தங்கைக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஆறே வருஷத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. "அக்கா, இது சரியா இருக்கா?" என்று ஒவ்வொன்றையும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவாள். சரியாகத்தான் இருக்கும். என்னால் முடிந்ததைவிட நன்றாகவே இருக்கும். சரி என்று தலையாட்டிவிட்டு என் மேசைக்குத் திரும்புவேன். வயிற்றுக்குள் ஏதோ கருகும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு படம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பெண்களை ஓவியப் பள்ளி வாசலில் நிற்கவைத்தே திருப்பி அனுப்பிய காலத்தில், உள்ளே நுழைந்து பரிசுகளும் பெயரும் வாங்கிய ஓர் ஓவியை, தன்னைத்தானே வரைந்துகொண்ட படம். நீலப் பட்டு உடுப்பு. கையில் தூரிகை. இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, காசளவுக்கு வண்ணம் உதிர்ந்திருந்தது. உடுப்பில் அதைவிடப் பெரிய சேதம். படத்தின் பின்பக்கத்தில், மரச்சட்டத்தின் மேல் ஒரு முரட்டுத் துணியை இழுத்து ஆணி அடித்திருந்தார்கள். தூசி போகாமல் இருக்க அந்தக் காலத்தில் அப்படிச் செய்வதுண்டு. நாங்கள் அதைத் தொடவில்லை.

காப்பாட்சியர் படத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"முகத்த தங்கச்சி பண்ணட்டும். நீங்க உடுப்பப் பாத்துக்குங்க."

அனுபவம் உள்ளவர்தான் பெரிய பரப்பை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஏதோ சமாதானமும் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். இருபது வருஷ வேலைக்குப் பிறகு எனக்குக் கிடைத்தது ஒரு முழங்கை மடிப்பு.

தங்கை கன்னத்தைத் தொட்டாள். இரண்டு நாளில் பூச்சு நிரப்பி, முதல் நிறம் வைத்தாள். பார்த்தால் சதை மாதிரியே இருந்தது.

மூன்றாம் நாள் காலை எட்டரைக்குக் கதவைத் திறந்தோம். படத்தைத் தாங்கும் ஈசல் சட்டத்தின் கீழ்த்தட்டில் வெள்ளைத் தூள். கன்னத்தில் பழைய பள்ளம்.

பூச்சில் பசை குறைந்திருக்கும் என்றேன். அவள் மறுபடி நிரப்பினாள். மறுநாள் காலையில் மறுபடி தூள். பசையை மாற்றினாள். அறையின் ஈரப்பதத்தைக் காட்டும் கருவியைப் பார்த்தாள், முள் அசையவே இல்லை. நான் தீட்டிய நீலமோ பாறை மாதிரி நின்றது. அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறுதல் சொல்லப் போனேன். போகிற வழியிலேயே எனக்குள் ஒரு குளிர்ச்சி. ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி. அப்பாடா, உனக்கும் வராது பார் என்கிற சந்தோஷம்.

அன்று அவள் வைத்த பூச்சும் மறுநாள் காலையில் உதிர்ந்திருந்தது. காப்பாட்சியர் இந்த முறை படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அறைச் சாவி ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு உங்ககிட்டதானே?"

திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகவும், அப்போதும் உதிர்ந்திருந்தால் படத்தை வெளியே வேறொரு பழுதுபார்ப்புக் கூடத்துக்கு அனுப்பிவிடப் போவதாகவும் சொன்னார். அப்படி அனுப்பினால் எங்கள் இருவருக்குமே இனி நல்ல படம் எதுவும் வராது. தங்கை தலை நிமிரவே இல்லை. நான்தான் சுரண்டுகிறேன் என்று அவளும் நினைப்பது புரிந்தது. நினைக்கட்டுமே என்று இருந்தது. நினைக்கிறாளே என்றும் இருந்தது.

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போதுதான் கவனித்தேன். அவளுடைய இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, தோல் வெளிறிப் போயிருந்தது. காசளவு. அவள் யோசனையாக அதை விரலால் தேய்த்தாள். தட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது.

சனிக்கிழமை காலை, வேலைக்குப் பயன்படுத்துகிற ரசாயனம் ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். அதே ரசாயனத்தை இருபது வருஷமாகக் கையாளுகிற எனக்கு ஒன்றும் இல்லையே என்று அம்மா கேட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. தங்கை சனிக்கிழமை மாலை கன்னத்தை மறுபடி நிரப்பி வைத்திருந்தாள். நான் செய்யவில்லை என்பதை நானே பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும் போல இருந்தது. வீட்டில் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். காவலாளி வாசல் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மேலே விட்டார்.

மணி இரண்டு நாற்பது. வெளியே விடாத மழை. ஜன்னல் பலகைகள் மூடியிருந்தன. படத்துக்குப் பக்கவாட்டில் ஒரு விளக்கைச் சாய்த்து வைத்தேன். அப்படி வைத்தால் கேன்வாஸில் கடுகளவு மேடு இருந்தாலும் நிழல் விழும். எங்கள் தொழிலில் தினமும் செய்வதுதான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்தேன்.

கன்னம் முழுசாக இருந்தது. அழகாக இருந்தது. அவ்வளவு அழகாக இருக்க வேண்டாமே என்று நினைத்தேன்.

மூன்று பத்துக்கு ஒரு சத்தம்.

டக்.

மரம் ஈரத்தில் முறுக்கிக்கொண்டிருக்கும். அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு... சர்ர்ர்... துணியில் நகம் போகிற சத்தம். படத்தின் உள்ளேயிருந்து.

நீல உடுப்பின் அடியில் ஒரு சிறு மேடு எழுந்தது. கேன்வாஸுக்குப் பின்னாலிருந்து யாரோ விரல் நுனியால் அழுத்துகிற மாதிரி. பக்கவாட்டு விளக்கில் அதன் நிழல் நீளமாக விழுந்தது.

மேடு நகர்ந்தது.

நான் தீட்டிய முழங்கை மடிப்புக்கு வந்தது. அங்கே நின்றது. மேலும் கீழுமாக மெதுவாகத் தடவியது. ஒரு துணுக்குகூட உதிரவில்லை. ஒரு கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி அவ்வளவு பிரியமாக...

எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் இதிலேயே பயங்கரம். எத்தனையோ வருஷமாக என் வேலையை யாரும் அப்படித் தொட்டதில்லை.

பிறகு அது கழுத்துக்கு ஏறியது.

தாடை.

கன்னம்.

அங்கே தடவவில்லை. குத்தியது. டக். டக். டக். பூச்சில் விரிசல் விட்டது. வெள்ளைத் தூள் தட்டில் விழுந்தது.

நான் எழுந்திருக்கவில்லை.

கத்தவில்லை.

பார்த்துக்கொண்டே இருந்தேன்...

சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் உதிர்ந்த அந்த வெள்ளை ஞாபகம் வந்தது. ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழ, பாய்ந்து என் உள்ளங்கையைக் கன்னத்தின் மேல் வைத்து அழுத்தினேன்.

குத்து நின்றது.

கேன்வாஸின் அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ என் உள்ளங்கையில் வந்து பதிந்தது. ஒரு விரல். இரண்டு. ஐந்து. என் கையோடு கை. குளிரவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

"எனக்கும் வயிறு எரியுது," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "ஆனா அவ என் தங்கச்சி. அவள விட்டுடு."

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது.

"நீதானா அக்கா?"

தங்கை. காப்பாட்சியரின் சாவியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், என்னைப் பிடிக்க. நனைந்த குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் கை படத்தின் முகத்தில். விரலெல்லாம் வெள்ளைத் தூள். நான் என்ன சொன்னாலும் எடுபடாது.

கையை எடுத்தேன்.

"பாரு," என்றேன்.

கன்னத்தில் ஐந்து மேடுகள். எங்கள் இருவரின் கண் முன்னால், ஒவ்வொன்றாக... உள்ளே போயின. சுண்டுவிரல் கடைசியாக.

தங்கை என் கையைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்த தடம் மணிக்கட்டில் ஒரு வாரம் இருந்தது.

திங்கட்கிழமை காலை காப்பாட்சியரிடம் பின்பக்கத் துணியைப் பிரிக்க வேண்டும் என்று சொன்னோம். காரணமாக, உள்ளே பூச்சி இருக்கிறது என்றோம். ஆணிகள் துருப்பிடித்து மரத்தோடு மரமாகியிருந்தன. படம் சட்டமிட்ட நாளிலிருந்து ஒன்றைக்கூட யாரும் அசைத்ததில்லை என்று அவரே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பிடுங்க மத்தியானம் ஆகிவிட்டது.

அது தூசித் துணி இல்லை. இன்னொரு ஓவியம். வண்ணம் தீட்டிய பக்கத்தை உள்நோக்கித் திருப்பி அடித்திருந்தார்கள். முன்னால் நீல உடுப்புக்காரியின் முதுகு, பின்னால் இந்த ஓவியத்தில் இருந்தவளின் முகம், நடுவில் மரச்சட்டத்தின் கனத்துக்கு இரண்டு விரல் அகல இருட்டு.

ஒரு கிழவி. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரை.

அந்த ஓவியையின் அம்மாவாக இருக்கும் என்றார் காப்பாட்சியர். பிறகு மூலையில் இருந்த கையெழுத்தைப் படித்தார். பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்தார்.

அந்த ஓவியைக்கு ஓர் அக்கா இருந்திருக்கிறாள். தங்கைக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அவள் வரைந்ததில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கையெழுத்து அவளுடையது. கையெழுத்தின் கீழே, தன்னைத்தானே வரைந்தது என்று சின்ன எழுத்தில் இருந்தது. தங்கைக்காரி அக்காவின் படத்தைத் தன் படத்துக்கு முதுகுத் துணியாக அடித்திருக்கிறாள். துணியை மிச்சம் பிடிக்கவா, மறைக்கவா... யாருக்குத் தெரியும்.

"அக்கா கிழவியாகி இறந்தாளா சார்?" என்று கேட்டாள் என் தங்கை.

இல்லை. நெஞ்சு நோயில் முப்பத்து மூன்று வயதில் இறந்துவிட்டாள். அவளுடைய கல்லறைக் கல்லைக் காப்பாட்சியரே போய்ப் பார்த்திருக்கிறார்.

இரண்டு படங்களையும் பிரித்து வெவ்வேறு கட்டடத்தில் வைத்தார்கள். அதற்குப் பிறகு கன்னம் உதிரவில்லை. என் தங்கையின் கன்னமும் பத்து நாளில் ஆறிவிட்டது. முகத்தை அவளே முடித்தாள். பிரமாதமாகச் செய்திருந்தாள். எனக்கு எரிச்சல் போய்விட்டதா என்று கேட்காதீர்கள்.

கிழவியின் நரையிலிருந்து கடுகளவு வண்ணம் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. அது டைட்டேனிய வெள்ளை. ஓவியர்களின் கைக்கு அந்த வெள்ளை வந்ததே முதல் உலகப் போர் முடிகிற காலத்தில்தான். அக்கா இறந்தது அதற்கு முப்பது வருஷம் முன்னால். ஆணிகளை நடுவில் யாரும் பிடுங்கவில்லை. சோதனைச்சாலையில் ஏதோ தவறு நடந்திருக்கும் என்று காப்பாட்சியர் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

நான் அவரிடம் ஒன்றைச் சொல்லவில்லை. துணியைத் தூக்கி எடுத்தபோது என் சுட்டுவிரல் அவளுடைய நெற்றியோரத்து நரைமுடியில் பட்டது. கையுறை போட்டிருக்கவில்லை. விரலைத் திருப்பிப் பார்த்தேன்.

வெள்ளை ஒட்டியிருந்தது.

ஈரமாக.