லாச்சிக்குள் வைத்த கடிதம்

ஒரு மனிதனைக் கெடுக்க வேண்டும் என்றே அவனுடைய வருமானவரிப் படிவத்தில் பொய் எழுதினேன். தவறுதலாக அல்ல, வயதுபோன மறதியாலும் அல்ல. நான் வணிகவியல் படித்தவன். கணக்கு எனக்குப் பிழைப்பதில்லை.

மொன்றியலுக்கு வந்த புதிதில் டவுன்டவுன் உணவகம் ஒன்றில் பல வருடங்கள் கோப்பை கழுவினேன். பிறகு பங்குனி, சித்திரை மாதங்களில் எங்கள் சனத்துக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கத் தொடங்கினேன். அதில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. என் மகனின் கல்யாண வரவேற்பில், நான் பிறகு கெடுத்த அந்த மனிதன் ஒலிவாங்கியைப் பிடித்து வாழ்த்துச் சொன்னான்.

"அண்ணை பெரிய பட்டதாரி. இஞ்ச வந்து கோப்பை கழுவினவர். இப்ப எங்கட கள்ளக் கணக்குகளைக் கழுவுறார். அவரின்ர கை இன்னும் காயேல்லை!"

மண்டபமே சிரித்தது. சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள், மகனும் சிரித்தான். நானும் பல்லைக் காட்டினேன். அன்றிலிருந்து அவனை எங்கே கண்டாலும் என் காதுக்குள் அந்த மண்டபம் சிரித்தது.

அவன் கனடா இராணுவக் களஞ்சியத்தில் சிவில் ஊழியன். துவக்குத் தூக்குகிற வேலை அல்ல. சப்பாத்து, கூடாரம், போர்வை எத்தனை வந்தன, எத்தனை போயின என்று பதிகிற வேலை. ஆனாலும் இலங்கையில் ஆமிக்குப் பயந்து ஓடிவந்த சனத்திடம் "நான் ஆமியில வேலை" என்று எப்படிச் சொல்வது? "கவுண்மேந்து வேலை" என்று மட்டும் சொல்லித் திரிந்தான். ஒன்ராறியோ முகாம் ஒன்றுக்கு மாற்றலாகிப் போய், சில வருடங்களில் மொன்றியலை அடுத்த லொங்குய்ய் பக்கம் மாற்றல் கிடைத்துத் திரும்பி வந்தான். அந்தச் சித்திரையில் ஒரு பை நிறையப் பற்றுச்சீட்டுகளோடு என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணை, வீடு மாறின செலவை வரியில கழிக்கலாமாம். உண்மையோ?"

"ஓம். புது வேலையிடத்துக்கு நாப்பது கிலோமீற்றராவது கிட்ட வந்திருக்க வேணும்."

"நான் ஒரு மாகாணமே தாண்டி வந்திருக்கிறன்!"

"வேலையிடம் ஏதும் தந்ததோ?"

"லொறிக் கூலியும் வீட்டுத் தரகரின்ர காசும் அவை தந்தவை. கடிதம் பைக்குள்ள கிடக்கு. அண்ணை, வேலையிடத்தின்ர பேரை மட்டும் ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

விதி சுலபமானது. வேலையிடம் திருப்பித் தந்த செலவை மறுபடி கழிக்க முடியாது. சொந்தக் கையால் கட்டியதை, அதாவது விடுதி வாடகை, வழிச்சாப்பாடு போன்றவற்றை மட்டும் கழிக்கலாம். நான் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினேன். வேலையிடம் ஏதும் தரவில்லை என்றும் எழுதினேன். கடிதத்தை எடுத்து, என் மேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்து மூடினேன்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது. படிவம் நிரப்பியவருக்கு முன்னால் அதை வாசித்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவரை நம்பவில்லை என்று அர்த்தம்.

"எங்கையண்ணை கையெழுத்து வைக்கிறது?" என்று பேனையைத் திறந்தான். விரலால் இடத்தைக் காட்டினேன். அவன் போன பிறகு, வைத்தியர் வேண்டாமென்ற சீனியை இரண்டு கரண்டி போட்டுத் தேத்தண்ணி குடித்தேன். வரிக் காசு திரும்பி வந்ததும் ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்தான். அதையும் ருசித்துச் சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் வரி அலுவலகம் ஆதாரம் கேட்டது. வேலையிடத்திலும் விசாரித்தது. தண்டப்பணம் கட்டச் சொன்னார்கள், ஆனால் அதுவல்ல பெரிய அடி. களஞ்சியத்தில் வேலை செய்பவன் நம்பத்தக்கவன் என்று இராணுவம் சான்று கொடுத்திருக்க வேண்டும். அந்தச் சான்றை நிறுத்தி, விசாரணை முடியும்வரை சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"அண்ணை, அந்தக் கடிதம் உங்களிட்டையோ?"

"இல்லைத் தம்பி. பைக்குள்ள அது இருக்கேல்லை, அதாலதான் அவை ஒண்டும் தரேல்லை எண்டு எழுதினன். இருந்தால் தரமாட்டனே?"

"கள்ளன் எண்டு எழுதி வெளிய விட்டால் இந்த வயசில என்னை ஆர் எடுப்பினம்?"

"கடவுள் இருக்கிறார்" என்றேன். சொல்லும்போது என் நெஞ்சு குளிர்ந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் குளிர்ந்தது.

சில மாதங்கள் கழித்து, உறவுக்காரர் ஒருவரை ஏற்றிவிட டோர்வல் விமான நிலையத்துக்குப் போனேன். அங்கே அவன் பயணிகளின் பெட்டி வண்டில்களை ஒன்றாகக் கோர்த்துத் தள்ளிக்கொண்டு வந்தான். என்னைக் கண்டதும் நின்றான்.

"அண்ணை, உங்களுக்கும் வீண் கரைச்சல் தந்திட்டன். கடிதத்தை நான்தான் துலைச்சிருக்கிறன். வீட்டில மனிசியும் என்னைத்தான் பேசுறா."

என்னிடம் மன்னிப்புக் கேட்டான். வருத்தம் வந்தது, உண்மை. ஆனால் அதோடு இன்னொன்றும் வந்தது. அடித்தது யார் என்று தெரியாமலே இவன் அழுகிறான், அது தெரியாவிட்டால் என் பழி என்ன பழி? உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்ற என் ஆசையில் பாதி அந்த வன்மம்தான்.

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு பிரதியை வரி அலுவலகத்துக்கும் இன்னொன்றை அவனுடைய வேலையிடத்துக்கும் அனுப்பினேன். மூன்றாவதையும் லாச்சியில் கிடந்த கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மெத்ரோவில் லொங்குய்ய் போனேன். வாசலில் நின்றபடியே வாசித்தான்.

"எதுக்கண்ணை?"

மண்டபத்தில் அவன் சொன்னதைச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தான்.

"அதோ? அது சிரிக்கச் சொன்ன பகிடியெல்லே!"

"எனக்கு இல்லை."

"ஒரு பகிடிக்கோ என்ர பிள்ளையளின்ர சோத்தில கை வைச்சனீர்?" என்றான். அதுவரை அவன் என்னை மரியாதை குறைத்து 'நீர்' என்றதில்லை. பிறகு கடைசிப் பக்கம் வரை இன்னொரு தடவை வாசித்தான். "இந்தமுறை வாசிக்காமல் எடுக்கமாட்டன். போம்." கதவைச் சாத்தினான்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போய் ஒரு அதிகாரியின் முன்னால் சொன்னேன். அவனுடைய தண்டம் நீங்கியது. எனக்கொரு தண்டம் வந்தது, கட்டினேன். அவனை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள், களஞ்சியத்துக்கு அல்ல, கடிதங்கள் பிரிக்கிற மேசைக்கு.

அதோடு அவன் விடவில்லை. நான் எழுதிய நான்கு பக்கங்களையும் படம் பிடித்து எங்கள் சனம் எல்லோருடைய தொலைபேசிக்கும் அனுப்பினான். அவன் இவ்வளவு காலம் ஒளித்த வேலையிடத்தின் பெயர் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதை மறைக்காமலே அனுப்பினான். என்னை விழுத்த அவனுக்கு அதுவும் பெரிதாகப் படவில்லை. அவனை எனக்கு அப்போதுதான் நன்றாக விளங்கியது.

மகன் தொலைபேசியில் கேட்டான், "அப்பா, உண்மையோ?"

"ஓம்" என்றேன். அவன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

இந்தச் சித்திரையில் ஒருவரும் வரவில்லை. மகன் தன்னுடைய படிவத்தையும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டான்.