திண்டுக்கல் வெள்ளமும் ஒரு தென்னைமரமும்

எட்டு வருடங்களுக்கு முன் எங்கள் கல்லூரி கேன்டீனில், பதினோரு பேர் முன்னிலையில், துறைத் தலைவர் ராஜமாணிக்கம் என் கட்டுரையைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பதில் சொல்வதற்காகத்தான் கடந்த சனிக்கிழமை திண்டுக்கல் போனேன். பிரியாணிக்காகப் போகிறவர்கள் வேறு யாராவது எழுதியதைப் படித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் வெள்ளம், புயல், ரயில் விபத்து என்று எது நடந்தாலும் அதைச் சிந்து என்ற பாட்டாக எழுதி, அட்டையில் ஒரு படம் போட்டு, சந்தையில் விற்பார்கள். அப்படியொரு வெள்ளச் சிந்து அட்டையின் மங்கலான நகல் என்னிடம் இருந்தது. தென்னைமரத்தைக் கட்டிப்பிடித்தபடி ஒரு மனிதர், கீழே ஓர் ஆடு, பின்னால் ஒரு கோபுரம். திண்டுக்கல் தேவாலயக் கோபுரம் அது, நேரில் பார்த்தவர் வரைந்த படம் என்று எழுதினேன். "அது கலங்கரை விளக்கம்யா" என்றார் ராஜமாணிக்கம். திண்டுக்கல்லில் கலங்கரை விளக்கமாம்.

காலை 6.40க்கு மதுரை ஆரப்பாளையத்தில் பஸ். அறுபத்தைந்து கிலோமீட்டர். ஜன்னல் சீட்டை ஒரு பலாப்பழத்துக்குக் கொடுத்திருந்தார்கள். 8.15க்கு இறங்கி, அசல் அட்டை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்ட ஒருவர் வீட்டுக்கு எண்பது ரூபாய்க்கு ஆட்டோ பிடித்தேன்.

"ஒரு படத்தப் பாக்கவா சார் இம்புட்டு தூரம் வந்தீக? போன்லயே அனுப்பச் சொல்லிருக்கலாம்ல?" என்றார் ஓட்டுநர். ராஜமாணிக்கமும் அப்படித்தான் கேட்பார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆரோக்கியசாமி வீட்டில், இயேசு படத்துக்கு அடுத்து அந்த அட்டை சட்டத்துக்குள் தொங்கியது. வெள்ளச் சிந்து அசல் பிரதி. கோபுரத்தின் உச்சி மட்டும் சட்டத்துக்குள் மறைந்திருந்தது.

"மரத்தக் கட்டிப் பிடிச்சிருக்காருல்ல, அது எங்க பூட்டன். மூக்கப் பாருங்க சார்" என்று பக்கவாட்டில் திரும்பிக் காட்டினார். மூக்கு அதேதான் என்று எனக்கும் தோன்றியது.

"ஆடு?"

"அதுவும் எங்க ஆடுதான்."

எட்டு வருடத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. உச்சியைப் பார்க்கச் சட்டத்தைக் கழற்றலாமா என்று கேட்டேன். "கழத்துனா தாள் பொடிஞ்சு போயிரும் சார். ஆத்தூர்ல ராசுன்னு ஒரு விவசாயி வச்சிருக்காரு, முழுப்படம். போயிப் பாருங்க" என்றவர் லேசாகச் சிரித்தார். அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

செம்பட்டி வழியாக ஆத்தூர் இருபத்துநான்கு கிலோமீட்டர். பஸ் ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. ராசு வீட்டுச் சுவரில் அதே மரம், அதே மனிதர், அதே ஆடு. தலைப்பு மட்டும் வேறு: புயல் சிந்து. கீழே கடலலை. பின்னால் கோபுரம், அதன் உச்சியில் கதிர் வீசும் விளக்கு.

"ஏன் சார் மூஞ்சி செத்துப்போச்சு? மோர் குடிக்கிறீகளா?" என்றார் ராசு.

"இது கலங்கரை விளக்கம்."

"கடக்கரையில வேற என்ன இருக்கும்? மரத்துல இருக்கது எங்க பூட்டன். கருவாட்டு யாவாரத்துக்குப் போயி மாட்டிக்கிட்டாரு."

அச்சகத்தார் படம் செதுக்கிய ஒரே மரக்கட்டையை வைத்துக்கொண்டு, எந்த ஊரில் எந்த அழிவு வந்தாலும் தலைப்பை மட்டும் மாற்றி அடிப்பார்கள். இதை நான் வகுப்பில் பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

"திண்டுக்கல்லில் ஆரோக்கியசாமி இவரைத் தன் பூட்டன் என்கிறாரே?"

"வாத்தியாரா? அதுக்குச் சண்ட போட்டு ரெண்டு பேரும் மூணு வருசம் பேசாம இருந்தோம். அப்பறம் அவுக மக கல்யாணத்துக்குப் பத்திரிக்க வச்சாரு. உக்காந்து பிரிச்சுக்கிட்டோம். செம்பட்டிக்கு அந்தப் பக்கம் அவரு பூட்டன், இந்தப் பக்கம் என் பூட்டன்."

"ஆடு?"

"ஆட்ட அவருக்கே விட்டுட்டேன். கேட்டாரு, பாவம்."

மோர் நன்றாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டே கிடைத்தது. வெளியே பார்க்கத்தான் தோன்றவில்லை.

போகிறவர்களுக்கு: ஆத்தூரை முதலில் பாருங்கள், திண்டுக்கல்லைப் பிறகு. போய்வர ஐந்நூறு ரூபாய் போதும். பூட்டன் யார் என்ற பேச்சைச் செம்பட்டியில் நின்றுகொண்டு எடுக்காதீர்கள்.

இந்த வலைப்பூவைப் படிக்கும் நான்கு பேரில் ராஜமாணிக்கமும் ஒருவர் என்று எனக்குத் தெரியும். சார், அது கலங்கரை விளக்கம்தான். ஆனால் அன்றைக்கு நீங்கள் அவ்வளவு நேரம் சிரித்திருக்க வேண்டாம். ஆடு உங்களுக்குக் கிடையாது.